மூணு தடவை கூப்பிட்டும் ஆவுடையப்பன் வரலை

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில தூக்கி வச்சுக்கிட்டியள்னா நான் இப்படி ஓரமா ஒட்டிக்கிடுவேன். ஆங், போதும் போதும். எதுவரைக்கும் போறிய? கடைசி ஸ்டாப்பா? நல்லதாப் போச்சு. நான் நடுவுல பொருநை யுனிவர்சிட்டியில இறங்கணும். முக்கால் மணி நேரம் ஆகும். இப்ப மணி என்ன, ரெண்டரையா? சரியாப் போயிரலாம்.

இல்ல தம்பி, புரொபசர் இல்ல. இந்த வெள்ளைச் சட்டையையும் கண்ணாடியையும் பாத்துட்டு எல்லாரும் அப்படித்தான் கேக்காவ. அதுல வந்த வினைதான் எல்லாம். நான் படிக்கேன். எம்.ஏ. ஹிஸ்டரி, முதல் வருஷம். சிரிக்கதுன்னா சிரிச்சிருங்க, அடக்காதிய. இன்னைக்கு சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நான் மாணவன். நாலு மணிக்கு என் பேரை அடிச்சிட்டு, காத்துக்கிட்டு இருக்க இன்னொரு பிள்ளைக்கு என் சீட்டைக் கொடுத்திருவாவ. ஏன்னு சொல்லுதேன், கேளுங்க.

பேரு ஆவுடையப்பன். அறுபத்திரெண்டு நடக்கு. முன்சீப் கோர்ட்டுல டவாலியா இருந்தேன். ஜட்ஜ் அய்யாவுக்கு முன்னால சிவப்புப் பட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் நடந்து போவாம்லா, அவந்தான். முப்பத்தொரு வருஷம். நடக்கது ஒரு நிமிஷ சோலி. அசல் சோலி கூப்பிடுதது. கேஸு வந்த உடனே வாசல்ல வந்து நின்னு வாதி பேரை மூணு தடவை, பிரதிவாதி பேரை மூணு தடவை கூப்பிடணும். நான் கூப்பிட்டா எதுத்த ஓட்டல்ல இட்லி தின்னுக்கிட்டு இருக்கவன் கை கழுவாம ஓடி வருவான். வராட்டா, 'மூணு தடவை கூப்பிட்டும் வரலை அய்யா'ன்னு உள்ள போய்ச் சொல்லணும். அதோட அவன் கதை முடிஞ்சுது. வாசல்ல நின்னு வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தாலும் சரி, வரலைன்னா வரலைதான்.

எத்தனை ஆயிரம் பேரு பேரைக் கூப்பிட்டிருப்பேன். என் பேரை ஒரு பய கூப்பிட்டது கிடையாது. 'ஏய் டவாலி', 'யோவ் டவாலி', நல்ல ஜட்ஜா வந்தா 'டவாலி, கொஞ்சம் தண்ணி'. ரிட்டயர் ஆன அன்னைக்கு மாலை போட்டுப் பேசும்போது கூட 'நமது டவாலி அவர்கள்'னுதான் சொன்னாவ. துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டேன், தம்பி. சந்தோசத்துலன்னு நினைச்சுக்கிட்டாவ.

அதுல ஒரு ஆசை விழுந்துட்டு. தபால்ல படிச்ச பி.ஏ. ஒண்ணு இருந்துச்சு. நேராப் போய்ப் படிக்கணும். ஒருத்தர் வருகைப் பதிவேட்டை விரிச்சு வச்சு 'ஆவுடையப்பன்'னு கூப்பிடணும். நான் எந்திரிச்சு 'உள்ளேன் அய்யா'ன்னு சொல்லணும். இதுக்காகவா எம்.ஏ. சேந்தேன்னு எங்க வீட்டம்மா கேட்டா. முக்கால்வாசி இதுக்காகத்தான்னு சொன்னேன். மீதிக் கால்வாசி என்னன்னு கேட்டா. யோசிச்சுச் சொல்லுதேன்னேன்.

போன திங்கக்கிழமைதான் முதல் நாள். புதுசா சேருத எல்லாருக்கும் சந்தேகம் இருக்கும்லா, எனக்கும் இருந்துச்சு. ரெண்டு பக்கம் எழுதி சட்டைப் பையில வச்சிருந்தேன். முதல் பெஞ்சில உக்காரலாமா, கடைசிக்குப் போகணுமா. சாப்பாட்டு டப்பாவை எங்கன வைக்கது. கக்கூஸ் எந்தப் பக்கம். பாடத்தை நோட்டுல எழுதணுமா, பேப்பரை இப்படிக் கிளிப்புல மாட்டிக்கிட்டு வரணுமா. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நல்ல பேரு வாங்கணும்னு எட்டரைக்கே போயிட்டேன்.

டிபார்ட்மெண்டு வாசல்ல கோமதிநாயகம்னு ஆபீஸ் உதவியாளர் ஒருத்தர் பைலைத் தூக்கிக்கிட்டு ஓடுதாரு. அந்த வாரம் பூரா ஏதோ ஆய்வுக் கமிட்டி வருதாம், புரொபசர்மாரு ஒருத்தர் விடாம மீட்டிங் ஹால்ல அடைஞ்சு கிடக்காவ. என்னைப் பாத்தாரு. 'சார், இந்த ரெஜிஸ்டரைக் கொஞ்சம் கிளாஸ் மேசையில வச்சிருங்க, எனக்கு மூச்சு விட நேரமில்ல'ன்னு கையில திணிச்சிட்டுப் போயிட்டாரு. ஒரு டவாலி படுத பாடு இன்னொரு டவாலிக்குத் தெரியாதா? வாங்கிக்கிட்டேன். இதுல என் தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க.

உள்ள போறேன், முப்பத்தேழு பிள்ளையளும் தடதடன்னு எந்திரிச்சு 'குட் மார்னிங் சார்'ங்குதுவ. யாரோ புரொபசர் எனக்குப் பின்னால வாராருன்னு திரும்பிப் பாத்தேன். ஒருத்தரும் இல்ல. பிள்ளைய நிக்குதுவ. நானும் நிக்கேன். ஒரு நிமிஷம் ஆயிட்டு. கோர்ட்டுல இப்படி எல்லாரும் எந்திரிச்சு நிக்கும்போது 'உக்காருங்க'ன்னு சைகை காட்டுதது என் சோலி. கை தானா அசைஞ்சுட்டு. உக்காந்துட்டுதுவ.

நான் புரொபசர்னு சொன்னேனா? சொல்லல. ஒரு வார்த்தை பொய் சொல்லல தம்பி, அதை மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.

ரெஜிஸ்டரை மேசையில வச்சிட்டுப் பேசாம பெஞ்சுக்குப் போயிருக்கணும். ஆனா என் பேரு அதுல ஏறியிருக்கான்னு பாக்கணும்லா? விரிச்சேன். ஏறியிருக்கு! அகர வரிசையில முதல் பேரே என் பேருதான். 'ஒன்று. பே. ஆவுடையப்பன்.' அச்சுல அடிச்சிருக்கு. கண்ணு கலங்கிட்டு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு நிமிந்து பாக்கேன், கிளாஸு கப்சிப்புன்னு இருக்கு. நான் கூப்பிடப் போறேன்னு எல்லாப் பிள்ளையும் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கு.

கையில பேரு எழுதுன தாளு, எதுக்க காத்துக்கிட்டு இருக்க கூட்டம். முப்பத்தொரு வருஷப் பழக்கம் சும்மா விடுமா? வாய் திறந்துட்டு. 'ஆவுடையப்பேன்! ஆவுடையப்பேன்! ஆவுடையப்பேன்!' ரெண்டு பிள்ளைய காதைப் பொத்திக்கிட்டுதுவ. பதில் இல்ல. உள்ள பதில் இல்லைன்னா வராந்தாவுக்குப் போய்க் கூப்பிடணும், அதுதான் முறை. போனேன். மூணு தடவை கூப்பிட்டேன். மாடியில இருந்து கணக்கு டிபார்ட்மெண்டு ஆளுவ எட்டிப் பாத்தாவ. ஆவுடையப்பன் வரலை. உள்ள வந்து 'வரலை'ன்னு எழுதிட்டேன்.

என்ன இப்படிப் பாக்கிய? நானே 'உள்ளேன் அய்யா'ன்னு சொல்லியிருக்கலாம்கிய. அதெப்படி? கூப்பிடுதவனே ஆஜராக முடியாது தம்பி. கூப்பிடுதவன் வேற, ஆஜராகுதவன் வேற. இது கூடத் தெரியாம முப்பத்தொரு வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னேனா?

மத்த முப்பத்தேழு பேரும் ஆஜர். 'எஸ் சார்'னு சொன்னதுவளை 'உள்ளேன் அய்யா'ன்னு மாத்திச் சொல்ல வச்சேன். கேக்க ஆசையா இருந்துச்சு.

ரெஜிஸ்டரை மூடினேன். சரி, இப்பவாவது இறங்கிப் போய் உக்காந்திருவோம்னு ஒரு காலை எடுத்து வச்சேன், முதல் பெஞ்சுல ஒரு பய கையைத் தூக்குதான். 'சார், ஐ.டி. கார்டு கழுத்துல தொங்கணுமா, பாக்கெட்டுல இருந்தாப் போதுமா?' திசையன்விளைப் பக்கத்துப் பய, பேரு பிரிட்டோ. முகத்துல அவ்வளவு பயம். முதல் தடவையா வீட்டை விட்டு வந்திருக்கான். அவன் சந்தேகத்துக்குப் பதில் சொல்லாம என்னால போக முடியல. 'தொங்கணும்ல. அடையாளம் தெரியாத ஆளுக்கு சாட்சிக் கூண்டுல இடமில்ல'ன்னேன். எழுதிக்கிட்டான். மத்த முப்பத்தாறும் எழுதிக்கிட்டுது.

பொறவு விட்டுதுவளா? லீவு வேணும்னா யாருகிட்ட கேக்கணும். வாய்தா மனு போடணும், காரணம் எழுதி, கீழ 'மேற்கண்ட சங்கதிகள் யாவும் உண்மை'ன்னு கையெழுத்துப் போடணும். கிளாஸ்ல போன் அடிச்சா என்ன ஆகும். பறிமுதல். நோட்ஸை ஜெராக்ஸ் எடுக்கலாமா. எடுக்கலாம், ஆனா அசலோட ஒப்பிட்டுப் பாத்து ஒருத்தர் அத்தாட்சிக் கையெழுத்துப் போடணும். ஒரு பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே, 'சார், யுனிவர்சிட்டியில லவ் பண்ணலாமா'ன்னு கேட்டுது. 'ரெண்டு சாட்சி இருக்காம்மா'ன்னு கேட்டேன். இல்லைன்னுது. 'அப்ப வேண்டாம்'னேன். எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் இருந்துச்சு தம்பி. எனக்கே ஆச்சரியம்.

ஹாஸ்டல் பயலுவ கேட்டானுவ, 'சார், சீனியர் அண்ணன்மாரு ரூமுக்குக் கூப்பிட்டா போணுமா?' 'சம்மன் இருக்கான்னு கேளு. சம்மன் இல்லாம யாரு கூப்பிட்டாலும் போக வேண்டிய அவசியமில்ல'ன்னேன். அன்னைக்கு சாயங்காலமே ஒரு சீனியர் இவனுவளைக் கூப்பிட்டு டான்ஸ் ஆடச் சொல்லியிருக்கான். பிரிட்டோ நேரா நின்னு 'சம்மன் இருக்கா'ன்னு கேட்டிருக்கான். அந்த சீனியரு பயந்து போய், 'சாரி தம்பி, உங்க அப்பா போலீஸா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டானாம். மறுநாள் பயலுவ எனக்குக் கைதட்டினானுவ.

இன்னொண்ணும் கேட்டானுவ. ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பே இல்ல, தண்ணியாத்தான் இருக்கு, என்ன செய்யன்னு. மனு போடுங்கலன்னேன். எப்படிப் போடணும்னு போர்டுல எழுதியே காட்டினேன். உயர்திரு வார்டன் அவர்கள் சமூகத்துக்கு, மனுதாரர் இன்னாரு, எதிர்மனுதாரர் சமையல் மாஸ்டர், வழக்கு மூலம் எழுந்த தேதி, கடைசியில இன்னது வேணும்னு பிரார்த்தனை. கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்ட மறக்காதியன்னும் சொன்னேன். அந்த மனு பின்னால என் தலையில வந்து விழும்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஆனா என் சந்தேகம் ரெண்டு பக்கமும் அப்படியே பையிலதான் கிடந்துச்சு. கக்கூஸ் எங்கன இருக்குன்னு வாத்தியார் போய்ப் பிள்ளையகிட்ட கேக்க முடியுமா? அஞ்சு நாளும் ஊருல பஸ் ஸ்டாண்டு வார வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் வந்தேன். இந்த பஸ்ஸு குலுங்குத குலுக்குல அது என்ன பாடுன்னு உங்களுக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமையும் கோமதிநாயகம் ரெஜிஸ்டரை எங்கிட்டயே கொடுத்தாரு. ஆவுடையப்பனை உள்ள மூணு, வெளிய மூணு கூப்பிட்டேன். வரலை. இதுக்குள்ள பிள்ளையளுக்கு அந்த ஆவுடையப்பன் மேல ஒரே பேச்சு. பெரிய இடத்துப் பயலாம். சிபாரிசுல சீட்டு வாங்கினானாம். ஒருத்தன் பைக்குல பாத்தேங்கான், இன்னொருத்தன் பொண்ணோட பாத்தேங்கான். என்னைப் பத்தி எங்கிட்டயே வந்து கோள் சொல்லுதுவ. 'நம்மெல்லாம் வாரம் சார், அவனுக்கு மட்டும் என்ன திமிரு'ன்னு பிரிட்டோ கேட்டான். எனக்கே அவன் மேல கோவம் வந்துட்டு, தம்பி. வரட்டும் அந்தப் பய, கவனிச்சுக்கிடுதேன்னு சொன்னேன். உண்மையிலேயே சொன்னேன்.

புதன்கிழமை நடந்ததைக் கேளுங்க. 'ஆவுடையப்பேன்!'னு முதல் தடவை கூப்பிட்டேன். கடைசி பெஞ்சுல இருந்து கட்டைக் குரல்ல ஒரு சத்தம், 'உள்ளேன் அய்யா!'

எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டு. அறுபத்திரெண்டு வருஷத்துல என் பேருக்கு வந்த முதல் பதில். பொறவுதான் உறைச்சுது, இது ஆள் மாறாட்டம்! கோர்ட்டுல எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன், என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா? 'யாரது, எந்திரி'ன்னேன். எந்திரிச்சது ஒரு பொண்ணு. சங்கரன்கோவில் பக்கம், பேரு முப்பிடாதி. நாலடி உசரம்தான் இருக்கும்.

'ஏம்மா, உனக்கு ஆவுடையப்பனைத் தெரியுமா?'

'தெரியாது சார்.'

'பொறவு எதுக்கு அவனுக்குக் குரல் கொடுத்த?'

'பாவம் சார். தூரத்து ஊரா இருக்கும், பஸ்ஸு கிடைச்சிருக்காது. தொடர்ந்து அஞ்சு நாள் வராட்டா சீட்டு போயிரும்னு அட்மிஷன் புக்குல போட்டிருக்கு. யாராவது ஒருத்தர் சொல்லணும்லா?'

யாருன்னே தெரியாதவனுக்கு அந்தப் பிள்ளை குரல் கொடுத்திருக்கு, பாத்துக்கிடுங்க. நான் என்ன செஞ்சேன்? ஒரு மணி நேரம் நிக்க வச்சேன். ஆள் மாறாட்டம் எவ்வளவு பெரிய குத்தம்னு பிரசங்கம் பண்ணினேன். சிவப்பு மையில 'வரலை'ன்னு எழுதினேன். அப்பவும் எனக்கு அஞ்சு நாள் கணக்கு மண்டையில ஏறல. சீட்டு போகப் போறது வேற எவனுக்கோன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

வியாழக்கிழமை பாதி கிளாஸ்ல ஒரு பொண்ணு கதவுகிட்ட வந்து நின்னு, 'சார், உள்ள வரலாமா'ன்னுது. தோள்ல பை, கையில தண்ணி பாட்டிலு. 'லேட்டா சேந்த பிள்ளையாம்மா? ரெண்டாவது பெஞ்சுல உக்காரு'ன்னேன். உக்காந்துட்டு. நான் சொன்னதையெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டுது. கிளாஸு முடிஞ்ச உடனே மெதுவா வந்து, 'சார், நான் டாக்டர் மெர்லின். புதுசா சேந்த கெஸ்ட் லெக்சரர். இந்த கிளாஸை எடுக்கத்தான் என்னை அனுப்பினாங்க. நீங்க எடுத்துக்கிட்டு இருந்தீங்க, சீனியர் எப்படி எடுக்காருன்னு பாத்துக் கத்துக்கலாம்னு உக்காந்துட்டேன். ரொம்ப யூஸ்புல்லா இருந்துச்சு சார்'ன்னுது. பொறவு, 'சார், லேடீஸ் ரெஸ்ட் ரூம் எங்க இருக்கு'ன்னு கேட்டுது.

அந்த வாரத்துலயே எனக்குப் பதில் தெரியாத ஒரே கேள்வி அதுதான். 'அதுக்கு ஒரு மனு போட்டிரும்மா'ன்னு சொல்லிட்டு வெரசா வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி இருக்கும். டிபார்ட்மெண்டு தலைவர் நயினார் அய்யா உள்ள வாராரு, கூடவே ஹாஸ்டல் வார்டன். வார்டன் கையில ஒரு கட்டு மனு. ஒவ்வொண்ணுலயும் ஸ்டாம்பு. ஆய்வுக் கமிட்டி பாத்துட்டு, 'உங்க யுனிவர்சிட்டியில சாம்பாருக்கு இத்தனை வழக்கு நடக்கா'ன்னு கேட்டுட்டாவளாம். வார்டன் அழுதிருவாரு போல இருந்தாரு.

'யாரு இதை எழுதச் சொல்லிக் கொடுத்தது?'ன்னாரு நயினார் அய்யா. முப்பத்தேழு கையும் என்னைக் காட்டுது. மெர்லின் மேடம் கையையும் சேத்து முப்பத்தெட்டு.

'நீங்க யாரு?'

'எம்.ஏ. முதல் வருஷம் அய்யா.'

'பேரு?'

'ஆவுடையப்பன்.'

பிரிட்டோ பெஞ்சுல இருந்து வழுக்கிட்டான். 'அந்த ஆவுடையப்பனா!'ன்னு ஒரு சத்தம். நயினார் அய்யா ரெஜிஸ்டரை எடுத்துப் பாத்தாரு.

'ஆவுடையப்பன் அஞ்சு நாளும் வரலைன்னு இருக்கே?'

'அஞ்சு நாளும் வந்தேன் அய்யா.'

'அப்ப வரலைன்னு எழுதினது யாரு?'

'நாந்தான் அய்யா.'

'எழுதும்போது நீங்க எங்க இருந்தீங்க?'

'இங்கதான் இருந்தேன்.'

'பிறகு ஏன்யா வரலைன்னு எழுதினீங்க?'

'மூணு தடவை கூப்பிட்டேன் அய்யா. வரலை.'

அவரு நாற்காலியில உக்காந்துட்டாரு. பொறவு கிளாஸைப் பாத்து, 'நீங்க சொல்லுங்க, இந்த வாரம் ஆவுடையப்பன்னு ஒரு மாணவர் கிளாஸுக்கு வந்தாரா'ன்னு கேட்டாரு. பிள்ளைய நான் சொல்லிக் கொடுத்தபடி உள்ளதை உள்ளபடி சொல்லுதுவ. 'அப்படி ஒரு ஆளை நாங்க பாத்ததே இல்ல சார்.' ஒண்ணு விடாம சொல்லுதுவ. முப்பிடாதி மட்டும் எந்திரிச்சுது. 'புதன்கிழமை அவரு வந்திருந்தாரு சார். நான் அப்பவே உள்ளேன்னு சொன்னேன். இந்த சார்தான் ஒத்துக்கிடல.'

எனக்கு அந்தப் பிள்ளை முகத்தைப் பாக்க முடியல.

நயினார் அய்யா நல்ல மனுசன், குறை சொல்லக் கூடாது. சிரிப்பை அடக்கிக்கிட்டே, 'சரி, விடுங்க. கொஞ்சம் வொயிட்னர் வச்சு வந்தாருன்னு மாத்திருவோம்'னாரு. மாத்தியிருக்கலாம். அஞ்சு நிமிஷ சோலி. ஆனா தம்பி, பதிவேட்டுல வொயிட்னரா? அதுவும் என் கண்ணு முன்னாலயா? 'அது பதிவேட்டைத் திருத்துத குத்தம் அய்யா, நான் சம்மதிக்க மாட்டேன்'னேன். 'நான் உங்க சீட்டைக் காப்பாத்தப் பாக்கேன்யா'ன்னாரு. 'சீட்டு போனாலும் பதிவேடு நிக்கணும்'னேன். அவருக்குக் கோவம் வந்துட்டு. 'அப்ப விதிப்படி அட்மிஷன் செக்‌ஷனுக்கே போங்க'ன்னு சொல்லிட்டாரு. நான் விதியைக் காப்பாத்தினா விதி என்னைக் காப்பாத்தும்னு நினைச்சேன்.

செக்‌ஷன்ல சூப்பிரண்டு ஒருத்தர். தலையை நிமித்தாமலே சொன்னாரு. 'முதல் அஞ்சு வேலை நாள் தகவல் இல்லாம வராத மாணவர் பேரு நீக்கப்படும். திங்கள் மாலை நாலு மணிக்குள்ள பெற்றோரோ காப்பாளரோ நேர்ல வந்து விளக்கக் கடிதத்துல கையெழுத்துப் போட்டா மறுபடி சேத்துக்கலாம்.'

'அய்யா, எனக்கு அறுபத்திரெண்டு வயசு'ன்னேன்.

'விதியில வயசு போடலியே'ன்னாரு.

எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நம்ம ஆளு. ஆனா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் எங்க போவேன்? மாலை போட்ட படத்துல இருக்காவ. மகன் துபாயில இருக்கான். எங்க வீட்டம்மா மக பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருக்கா. சனிக்கிழமை போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். 'சிரிச்சு முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்'னா. இன்னும் கூப்பிடல.

பிரிட்டோவும் பயலுவளும் நேத்து என் வீட்டுக்கே வந்துட்டானுவ. இப்ப 'சார்'னு சொல்லலாமா, 'அண்ணே'ன்னு சொல்லலாமான்னு அவனுவளுக்கே குழப்பம். யுனிவர்சிட்டி கேட்டுக்கு வெளிய டீக்கடை வச்சிருக்க அண்ணாச்சிதான் எல்லாருக்கும் அப்பாவாப் போய் நிப்பாராம், அவரைக் கூட்டிட்டுப் போங்கன்னானுவ. ஆனா சூப்பிரண்டுக்கு அந்த முகம் மனப்பாடமாம். போன வருஷம் ஒரே நாள்ல நாலு ஜாதிக்கு அப்பாவா வந்து நின்னிருக்காரு.

முப்பிடாதியும் வந்திருந்துச்சு. 'அண்ணே, நாளைக்கு மெர்லின் மேடம்தான் பேரு கூப்பிடுவாங்க. நீங்க வந்திருங்க, என்னால திரும்பத் திரும்ப கட்டைக் குரல்ல பேச முடியாது'ன்னுது. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. எனக்குத்தான் கண்ணுல தண்ணி நிக்கல. இன்னைக்குக் காலையில கூப்பிட்டிருப்பாவ, தம்பி. நான் பஸ் ஸ்டாண்டுல ஆள் தேடிக்கிட்டு நின்னேன். நாளைக்காவது நான் அங்க இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். எம்.ஏ. பட்டம் கூட வேண்டாம்.

அந்தா பாருங்க, தண்ணித் தொட்டி வந்துட்டு. அதுக்கு அடுத்த ஸ்டாப்புதான் யுனிவர்சிட்டி. மணி மூணே கால். தம்பி, உங்களுக்கு என்ன வயசு? முப்பத்தி நாலா? கல்யாணம் ஆயிட்டுல்லா? போதும், தாராளமாப் போதும். காப்பாளர் மாணவனை விட மூத்தவரா இருக்கணும்னு விதியில எங்கயும் இல்ல, நான் ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன். பத்து நிமிஷ சோலி. அடுத்த பஸ்ஸு இருபது நிமிஷத்துல வரும், நானே ஏத்தி விடுதேன்.

ஆள் மாறாட்டமா? சே சே. ஆள் மாறாட்டம்னா இன்னொருத்தன் பேரைச் சொல்லணும். நீங்க உங்க பேரைத்தானே எழுதப் போறிய, உங்க கையெழுத்தைத்தானே போடப் போறிய? வாயே திறக்க வேண்டாம். உங்க சட்டைப் பையில இருக்க அந்தப் பேனாவை மட்டும் வெளிய தெரியுத மாதிரி குத்திக்கிடுங்க. என் பக்கத்துல வந்து சும்மா நில்லுங்க. மீதியை அவுகளே நினைச்சுக்கிடுவாவ. நான் அஞ்சு நாள் பாத்துட்டேன்லா.

விளக்கக் கடிதப் பாரம் இதோ, எல்லாத்தையும் நிரப்பிட்டேன். உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல சித்தப்பான்னு எழுதியிருக்கேன். சித்தப்பா வயசுல சின்னவரா இருக்கது நம்ம பக்கத்துல புதுசா? பொய்யுன்னா கேக்கிய? இந்த முக்கால் மணி நேரத்துல உங்ககிட்ட சொன்ன அளவுக்கு எங்க சொந்த சித்தப்பாகிட்ட நான் ஒரு நாளும் பேசினது கிடையாது. பேரு மட்டும்தான் காலியாக் கிடக்கு. உங்க பேரு என்னன்னு சொன்னிய?

கண்டக்டர், விசில் அடிங்க, ரெண்டு பேரு இறங்கணும்! பையை எங்கிட்ட கொடுங்க, நான் எடுத்துக்கிடுதேன். படி உசரம், பாத்துக் காலை வைங்க சித்தப்பா.